கொட்டிய எண்ணெயைக் கடலே தின்றுவிடுமா?

"கடலில் கச்சா எண்ணெய் கொட்டினால் சில மாதத்தில் பாக்டீரியாவே தின்று தீர்த்துவிடும். அலாஸ்காவில் எக்ஸான் 500 கோடி டாலர் கொடுத்து மீனவர்களை வாழவைத்தது." குமரி-கேரள எல்லைக் கடலோரத்தில் நீரோடி, கொல்லங்கோடு, பொழியூர் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தத் தகவலின் இரண்டு பாதியும் தவறு.

1989 மார்ச் 24 அன்று அமெரிக்காவின் அலாஸ்கா கடலில், எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் எக்ஸான் வால்டிஸ் கப்பல் பாறைத்திட்டில் மோதி, சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியா உண்டு, அது சரி. ஆனால் அவை வேகமாக வேலை செய்ய ஆக்ஸிஜன் வேண்டும். கூழாங்கற்களுக்கு அடியில் இறங்கிய எண்ணெய்க்கு அது போதிய அளவு எட்டவில்லை. 2001-ல் ஆய்வாளர்கள் அந்தக் கரையில் குழி தோண்டியபோதும் எண்ணெய் கிடைத்தது. நம் சாளைக்கு உறவான ஹெர்ரிங் மீன் 1993-ல் அங்கே அடியோடு சரிந்தது. எண்ணெய் மட்டும்தான் காரணமா என்பதில் விஞ்ஞானிகளிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம் அந்த 500 கோடி டாலர். 1994-ல் ஜூரி (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) எக்ஸானுக்கு விதித்த தண்டத் தொகை அது. நிறுவனம் விடாமல் மேல்முறையீடு செய்தது. 2008-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் 50 கோடியாக வெட்டியது. விபத்து நடந்து 19 வருடம்! தீர்ப்பைப் பார்க்காமலே இறந்த மீனவர்கள் பலர். கரையைச் சுத்தம் செய்ய நிறுவனம் தனியாக 200 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது உண்மை. ஆனால் அது மீனவர் கைக்கு வந்த இழப்பீடு அல்ல.

தகவலை அனுப்பியவருக்கு இந்தக் கணக்கையே பதிலாக அனுப்புங்கள்.