படம் இல்லாத பதிவுக்கு எந்தப் படம்?

எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் இணையதளத்தை நானும் இன்னொரு நண்பரும் பார்த்துக்கொள்கிறோம். இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடும் சின்னத் தளம். நூல் அறிமுகம், கூட்டங்கள், உறுப்பினர் பக்கம், அஞ்சலி, பொது அறிவிப்பு என்று நாலைந்து வகைப் பதிவுகள். முதலில் தளத்தை அமைத்துக் கொடுத்தவர், படம் சேர்க்காத பதிவுகள் மொட்டையாகத் தெரியக் கூடாதே என்று ஓர் ஆண்டுவிழா மேடைப் படத்தை எல்லாவற்றுக்கும் பொதுவான டீஃபால்ட் படமாக வைத்திருந்தார். மாலையும் சால்வையுமாக எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்கிற படம். மூன்று வருடம் அது யாருக்கும் உறுத்தவில்லை.

போன வருடம் வட்டத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் காலமானார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இரவு பத்து மணிக்கு மேல்தான் தகவல் வந்தது. அந்த நேரத்தில் வீட்டாரிடம் போட்டோ கேட்க மனம் வரவில்லை. நாலு வரி அஞ்சலி எழுதி, அடக்கம் நடக்கும் நேரத்தையும் சேர்த்துப் பதிவேற்றி, இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மற்றவர்கள் தங்கள் குழுக்களுக்கு அனுப்பினார்கள். காலையில் அவருடைய மகள் கூப்பிட்டார். "அண்ணா, அந்தப் படத்த மட்டும் மாத்த முடியுமா? சொந்தக்காரங்க ஃபோன் பண்ணிக் கேக்குறாங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் இன்னும் மனசில் நிற்கிறது. குழுவைத் திறந்து பார்த்தால், அவர் பெயருக்கும் 'காலமானார்' என்ற சொல்லுக்கும் மேலே அந்த ஆண்டுவிழாச் சிரிப்பு.

உடனே மாற்றினேன். ஆனால் ஏற்கெனவே போன செய்திகளில் எதுவும் மாறவில்லை. வாட்ஸ்அப்பில் இணைப்பின் முன்னோட்டம் அனுப்புகிறவருடைய ஃபோனிலேயே உருவாகி, செய்தியோடு சேர்ந்து போய்விடுகிறது. ஃபேஸ்புக்கிலாவது ஷேரிங் டீபக்கர் என்ற கருவியில் பதிவின் முகவரியைக் கொடுத்துப் புதுப் படத்தை எடுத்துக்கொள்ளச் செய்யலாம். வாட்ஸ்அப்பில் போனது போனதுதான்.

டீஃபால்ட் படத்தை டிசைனர் பார்த்துக்கொள்வார் என்று விடக் கூடாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. எழுதுகிறவர்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு வகைப் பதிவுக்கும் தனித்தனியாகப் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது. யாருமே தேர்ந்தெடுக்காத ஒரு படம், நாம் எழுதிய வரிக்கு மேலே நம் பெயரிலேயே போய் நிற்கிறது. சொந்தப் படம் போடாதவர்கள் கணக்கில் ட்விட்டர் தானாகக் காட்டிய முட்டைப் படம் நினைவிருக்கலாம். 2010இல் வந்தது. குஞ்சு பொரித்துப் பறக்கப்போகும் புது உறுப்பினர் என்ற நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். வருடங்கள் போகப் போக, முட்டைப் படம் என்றாலே பிறரைத் திட்டுவதற்காகத் திறந்த கணக்கு என்று ஆகிப்போனது. 2017 மார்ச்சில் அதை எடுத்துவிட்டுச் சாம்பல் நிற உருவத்தை வைத்தார்கள். அதனால் எதை வைத்தாலும் நாளாக ஆக அதற்கு ஓர் அர்த்தம் ஒட்டிக்கொள்ளும் என்பதை மனசில் வைத்துத்தான் நாங்களும் பேசினோம்.

அதிக நேரம் எடுத்தது அஞ்சலிக்குத்தான். முகமில்லாத நிழலுருவம் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். உயிரோடு இருக்கிறவர் கணக்கில் படம் போடாமல் இருப்பது வேறு, இறந்தவரை முகமில்லாமல் காட்டுவது வேறு. எனக்கு ஒப்பவில்லை. குத்துவிளக்கு என்றார் இன்னொருவர். எங்கள் வட்டத்தில் எல்லா மதத்தவரும் இருக்கிறார்கள். மத நம்பிக்கையே இல்லாமல், சடங்கு எதுவும் கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போனவரும் உண்டு. ஒரே விளக்கை எல்லோர் தலைமாட்டிலும் ஏற்ற நாம் யார்? மெழுகுவத்தி, பூ என்று எதை எடுத்தாலும் இதே சிக்கல்தான். கடைசியில் படமே வேண்டாம் என்று முடிவானது. வெளிர் சாம்பல் நிறப் பலகை, அதில் அவர் பெயர், ஊர், பிறந்த வருடம், இறந்த வருடம். நம் ஊர்களில் சுவரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலிருந்து அலங்காரத்தையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது இதுதானே.

உறுப்பினர் பக்கத்தில் வேறு தலைவலி. ஃபோட்டோ தராதவர்களுக்குப் பெயரின் முதல் எழுத்தை ஒரு வட்டத்துக்குள் காட்டும் பழக்கம் எல்லாச் செயலிகளிலும் இருக்கிறது. அதை அப்படியே எடுத்துப் போட்டால் தமிழில் கோளாறுதான். 'முருகன்' என்ற பெயரில் முதல் எழுத்தை எடு என்று கணினிக்குச் சொன்னால் அது 'ம' என்று கொடுக்கும். கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் 'மு' என்பது 'ம' என்ற எழுத்தும் உகரக் குறியுமாகச் சேர்ந்த இரண்டு குறியீடு. முதலாவதை மட்டும் வெட்டி எடுத்தால் 'கோ' வும் 'கீ' யும் வெறும் 'க' ஆகிவிடும். பைட் கணக்கில் வெட்டும் பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி) கட்டளை என்றால் எழுத்தே உடைந்து கேள்விக்குறிதான் வரும், ஏனென்றால் யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். முழு எழுத்தாக எடுக்கத் தனிக் கட்டளைகள் இருக்கின்றன: பிஎச்பியில் கிராஃபீம் சப்ஸ்ட்ரிங், ஜாவாஸ்கிரிப்டில் இன்டில் செக்மென்டர். இன்னொன்று, நம்மவர்கள் இனிஷியலை முன்னால் போடுகிறோம். எஸ். முருகன், எஸ். மேரி, எஸ். பஷீர் மூவருக்கும் 'எ' என்றே வட்டம் வந்தால் என்ன பயன்? இனிஷியலைத் தாண்டிப் பெயரிலிருந்து எடுக்கச் செய்தோம்.

கூட்டங்களுக்குத் தேதியையே பெரிதாகக் காட்டுகிறோம், அதைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். நூல் அறிமுகத்தில் அட்டை கிடைக்காவிட்டால் நூல் பெயரும் ஆசிரியர் பெயரும்.

செய்தித் தளம் நடத்தும் நண்பர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மழை என்ற பிரிவுக்கு ஒரு வெள்ளப் படத்தை டீஃபால்டாக வைக்காதீர்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளப் படங்கள் ஒவ்வொரு மழைக்கும் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பக்கத்தில் 'கோப்புப் படம்' என்று சின்ன எழுத்தில் போட்டாலும், இணைப்பைப் பகிரும்போது அந்த இரண்டு சொல் கூடப் போவதில்லை. படம் மட்டும்தான் போகிறது. ஊரை விட்டு வெளியே இருக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பதறி வீட்டுக்கு ஃபோன் அடிக்கிறார்கள். விபத்துச் செய்திக்கு நொறுங்கிய கார் வைப்பதும் இப்படித்தான். உண்மைப் படம் போலத் தோன்றும் எதையும் பொதுப் படமாக வைக்காமல் இருந்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

செய்முறையும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பீர்கள். வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு மென்பொருளான ட்ரூபலில் ஒவ்வொரு உள்ளடக்க வகைக்கும் படப் புலத்தின் அமைப்பிலேயே டீஃபால்ட் படம் கொடுக்க இடம் இருக்கிறது. வேர்ட்பிரஸில் அந்த வசதி கூடவே வருவதில்லை. ப்ளகின் என்ற கூடுதல் நிரல் வேண்டும், அல்லது தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமில் சில வரி எழுத வேண்டும்: ஃபீச்சர்ட் இமேஜ், அதாவது பதிவுக்கென்று சேர்த்த முகப்புப் படம், இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் பதிவு எந்த வகை என்று பார்த்து அதற்குரிய படத்தைக் காட்டு. காட்டும்போது மட்டும்தான், கவனம். டீஃபால்ட் படத்தையே ஒவ்வொரு பதிவிலும் ஃபீச்சர்ட் இமேஜாகச் சேமித்துவிட்டால், எந்தப் பதிவுக்கு உண்மையில் படம் இல்லை என்று பின்னால் கண்டுபிடிக்கவே முடியாது. பக்கத்தில் காட்டுவதை மாற்றினால் மட்டும் போதாது. ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் முன்னோட்டத்துக்காகப் படிப்பது பக்கத்தின் நிரலில் இருக்கும் ஓஜி இமேஜ் என்ற குறிச்சொல்லை. அதற்கு 1200க்கு 630 பிக்சல் அளவில் தனியாக ஒன்று வேண்டும். சில இடங்களில் அதைச் சதுரமாக வெட்டிக் காட்டுவார்கள் என்பதால் எழுத்தெல்லாம் நடுவில் இருக்கட்டும். அப்புறம், இந்தப் படங்களின் ஆல்ட் எழுத்தை, அதாவது படத்துக்குப் பதிலாக வாசித்துக் காட்டப்படும் விளக்கத்தை, வெறுமையாக விடுங்கள். தளத்தைக் காதால் கேட்டுப் படிக்கிறவர், ஒரே பட்டியலில் இருபது முறை 'படம் இல்லை' என்று கேட்க வேண்டியதில்லை.

மூன்று வாரம் கழித்து ஆசிரியரின் மகள் ஒரு படம் அனுப்பினார். நூலகத் திண்ணையில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்துக்கொண்டிருக்கிறார். இப்போது அவருடைய பக்கத்தில் அதுதான் இருக்கிறது. பொது அறிவிப்புகளுக்கு மட்டும் இன்னும் எதுவும் வைக்கவில்லை, வைக்கப்போவதும் இல்லை. 'நாளை நூலகம் விடுமுறை' என்பதற்குப் படம் எதற்கு? ஆனால் தீம் அங்கே ஒரு காலிக் கட்டத்தை விட்டு வைக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதை எடுக்க வேண்டும்.