ரோந்து தீவிரப்படுத்தப்பட்டுள்ளது

இங்கிலாந்தில் ஒரு பஸ் வழித்தடம். ஸ்டாப்பிங்கில் முப்பது பேர் வரை வரிசையில் நிற்கிறோம், டிரைவர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டிவிட்டு நிற்காமல் போய்விடுகிறார் என்று பயணிகள் புகார் கொடுத்தார்கள். வந்த பதில் என்ன தெரியுமா? ஆட்களை ஏற்ற நின்றுகொண்டிருந்தால் நேர அட்டவணைப்படி பஸ்ஸை ஓட்டமுடியாதாம். (டவுன் பஸ்ஸுக்கு நின்று பழகிய நமக்கு இதில் பெரிய அதிர்ச்சி ஒன்றும் இருக்காது.) இந்தப் பத்திரிகைச் செய்தியைத்தான் 1979-இல் தன் கட்டுரையின் தொடக்கத்திலேயே வைத்தார் ஹெர்மன் கோல்ட்ஸ்டீன். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர், அதற்கு முன்பு சிகாகோ போலீஸ் தலைமையோடு வேலை பார்த்து உள்விவகாரம் அறிந்தவர். போலீஸும் அப்படித்தான் ஓடுகிறது என்றார். எத்தனை நிமிடத்தில் ஸ்பாட்டுக்குப் போனோம், எத்தனை பேரைப் பிடித்தோம், எத்தனை வண்டி ரோந்தில் இருக்கிறது, எல்லாக் கணக்கும் பக்காவாக இருக்கும். எதற்காகக் கூப்பிட்டார்களோ அது தீர்ந்ததா என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள்.

பிரச்சினையை மையமாக வைத்த காவல்பணி என்று இன்று சொல்வது அங்கிருந்து வந்ததுதான்.

நம் செய்திகளில் ஒரு திருட்டு நடந்தால் கடைசி வரி தயாராக இருக்கும், 'அப்பகுதியில் ரோந்து தீவிரப்படுத்தப்பட்டுள்ளது.' இந்த ரோந்தை அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 1972-73-இல் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 15 பகுதிகளை எடுத்து, சிலவற்றில் ரோந்தை இரண்டு மூன்று மடங்காக்கினார்கள், சிலவற்றில் கூப்பிட்டால் மட்டும் போவது என்று நிறுத்தினார்கள், மற்றதை அப்படியே விட்டார்கள். குற்றங்களில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வித்தியாசமும் இல்லை. அதைவிட வேடிக்கை, ரோந்து கூடியதையோ குறைந்ததையோ அங்கே குடியிருந்தவர்களே பெரிதாகக் கவனிக்கவில்லை.

சரி, ரோந்து இல்லையென்றால் வேறு என்ன செய்வது? இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் வர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ். கப்பல் கட்டும் ஊர். அங்கே நியூ பிரையர்ஃபீல்ட் என்று ஒரு குடியிருப்பு, உலகப் போர்க் காலத்தில், 1942-இல், அவசர அவசரமாக எழுப்பியது. போர் முடிந்ததும் இடித்துவிடுவதாகத்தான் திட்டம், ஆனால் நாற்பது வருடம் கழித்தும் அதில் ஏழைக் குடும்பங்கள் இருந்தன, வீடு புகுந்து திருடுவதில் ஊரிலேயே அதுதான் முதலிடம். ஒவ்வொரு திருட்டுக்கும் போலீஸ் போகும், எழுதிக்கொள்ளும், திரும்பும். 1980-களின் நடுவில் டாரல் ஸ்டீபன்ஸ் என்பவர் அங்கே போலீஸ் தலைவராக இருந்தபோது, ஒரு துப்பறிவாளரை அந்தக் குடியிருப்பை மட்டும் ஆராயச் சொல்லி விட்டார்கள். அவர் செய்த முதல் காரியம் வீடு வீடாகப் போய்க் கேட்டதுதான். திருட்டு பயம் இருந்தது, ஆனால் அதே அளவுக்கு ஜனங்கள் புலம்பியது வீட்டைப் பற்றி. இற்றுப்போன கதவு, சரியாகச் சாத்தமுடியாத ஜன்னல். அப்புறம் விசாரித்தால் தீயணைப்பு, பொதுப்பணி, வீட்டுவசதி என்று நகரத்தின் பல துறைகளுக்கும் அந்த இடம் தலைவலியாகவே இருந்திருக்கிறது, ஆனால் ஒரு துறையின் தலைவலி இன்னொரு துறைக்குத் தெரியாது. உரிமையாளரோ மத்திய அரசுக் கடனையே கட்டாமல் விட்டிருக்கிறார். கதவு சாத்தாத வீட்டுக்கு எத்தனை முறை ரோந்து போய் என்ன பிரயோஜனம்!

ஒரு ரோந்துக் காவலர் மற்றத் துறைகளைப் பிடித்து இழுத்துவந்து வேலை வாங்கினார். குப்பை அள்ளினார்கள், கேட்பாரற்றுக் கிடந்த கார்களை அப்புறப்படுத்தினார்கள், குழிகளை அடைத்தார்கள். திருட்டு சுமார் 35 சதவீதம் குறைந்தது. அதே ஊரில் கப்பல் தளத்தைச் சுற்றி நிறுத்தும் வாகனங்களில் திருட்டு ஓயாமல் இருந்தது. அதற்குத் திருடர்களிடமே போய் எந்தக் காரைப் பார்ப்பாய், ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். சில பார்க்கிங் இடங்கள், ஒரு சில ஆட்கள், அவ்வளவுதான் விஷயம். அவற்றின்மேல் மட்டும் கவனம் வைத்ததில் அந்தத் திருட்டு பாதிக்குமேல் குறைந்தது.

இதைத்தான் பிறகு நான்கு படியாகப் பாடப்புத்தகத்தில் ஏற்றினார்கள்: திரும்பத் திரும்ப வருவது எது என்று கண்டுபிடி, ஏன் என்று தோண்டு, அதற்கேற்ற வேலையைச் செய், பலித்ததா என்று அளந்து பார். கேட்க எளிது. கடைசிப் படியைத்தான் பெரும்பாலும் முழுங்கிவிடுகிறார்கள், அளந்து பார்த்தால் பலிக்கவில்லை என்று தெரிந்துவிடுமே! மினியாபோலிஸ் என்ற அமெரிக்க நகரத்தில் 1980-களில் பார்த்தபோது போலீஸுக்கு வந்த மொத்த அழைப்புகளில் பாதி, வெறும் 3 சதவீத முகவரிகளிலிருந்து வந்திருந்தது. அப்படியென்றால் ஊர் முழுக்க வண்டியைச் சுற்ற விடுவதில் என்ன கணக்கு இருக்கிறது என்று எனக்குப் புரியவே இல்லை. 2020-இல் 34 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததிலும் இந்த நான்கு படி வழியில் குற்றமும் ஒழுங்கீனமும் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகத்தான் வந்தது.

ஆனாலும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. நியூ பிரையர்ஃபீல்டுக்குப் போலீஸ் கடைசியில் சொன்ன யோசனை, குடியிருப்பை இடித்துவிட்டு ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றுவது. நகர நிர்வாகமும் ஒத்துக்கொண்டது. நியாயமாகக்கூட இருக்கலாம், அந்த வீடுகளின் லட்சணம் அப்படி. ஆனால் 'பிரச்சினை' எது என்று முடிவு செய்யும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

பென்சில்வேனியாவில் நாரிஸ்டவுன் என்று ஓர் ஊர். நான்கு மாதத்தில் மூன்று முறை தகராறு என்று போலீஸ் வரவேண்டியிருந்தால் வீட்டுக்காரரின் வாடகை உரிமத்தைப் பறிக்கலாம் என்று சட்டம் போட்டார்கள். தொல்லை தரும் முகவரிக்கு வீட்டு உரிமையாளரைப் பொறுப்பாக்குவது, பார்த்தால் இதே வழிதான். ஆனால் முன்னாள் துணைவனிடம் அடிவாங்கிய ஒரு பெண்ணின் அழைப்பும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்தது. 2012-இல் அவன் அவரைக் கழுத்தில் குத்தியபோதும், வீடு போய்விடுமே என்ற பயத்தில் போலீஸைக் கூப்பிட வேண்டாம் என்று கெஞ்சியிருக்கிறார். பக்கத்து வீட்டார்தான் கூப்பிட்டார்கள். ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகும் ஊர் நிர்வாகம் அவரைக் காலி செய்யவைக்கத்தான் பார்த்தது. வழக்குப் போட்டு, 2014-இல் இழப்பீட்டோடு முடிந்தது, அந்த மாநிலமே அப்படித் தண்டிப்பதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது.

நாரிஸ்டவுனில் முகவரியை எண்ணினார்கள், அந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கவில்லை. நான் இந்த முறைக்கு ஆதரவுதான், ஆனால் ஏன் என்று தோண்டும் அந்த இரண்டாவது படி இல்லாமல் மூன்றாவதுக்குத் தாவுகிறவர்களைப் பார்த்தால் பழைய ரோந்தே தேவலை என்று தோன்றும்.

நட்பில் போலீஸில் இருப்பவர்கள் ஓரிருவர் இருக்கிறீர்கள். ஒரே தெருவிலிருந்து மாதாமாதம் வரும் புகார்களையெல்லாம் ஒன்றாக எடுத்து வைத்து, ஏன் இங்கேயே என்று உட்கார்ந்து பார்க்க உங்கள் ஸ்டேஷனில் யாருக்காவது நேரம் கொடுக்கிறார்களா? பெயர் போடமாட்டேன், இன்பாக்ஸில் சொன்னாலும் போதும்.