களிமண் குழியை வைத்துக் காயத்தை அளக்காதீர்கள்

ஈரக் களிமண்ணைத் துப்பாக்கியால் சுட்டதில் உண்டான குழியின் படத்தைப் போட்டு, உடலுக்குள்ளும் குண்டுக் காயம் இவ்வளவு பெரிதாகத்தான் இருக்கும் என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. என்னால் இதை ஏற்க முடியவில்லை. களிமண்ணுக்கு மீள்தன்மை கிடையாது. குண்டு பாயும்போது கண நேரம் விரியும் குழி அப்படியே நின்றுவிடும். தசை அப்படியா? விரிந்து, பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

அதனால்தான் குண்டுச் சோதனையில் தசைக்குப் பதிலாக, கூழ்போல் உறைந்து மீள்தன்மையோடு இருக்கும் ஜெலட்டின் கட்டியைப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்க ராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபாக்லர் 1980களில் 10 சதவீத ஜெலட்டின் கலந்த கட்டியை 4 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்துத் துப்பாக்கியால் சுட்டு, பன்றித் தசையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அதையும் சும்மா நம்பிவிடக் கூடாது. முதலில் 4.5 மில்லிமீட்டர் எஃகு உருண்டையை நொடிக்கு ஏறக்குறைய 180 மீட்டர் வேகத்தில் செலுத்தி, சுமார் 8.5 சென்டிமீட்டர் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஜெலட்டின் கட்டி கொஞ்சம் சூடானாலே ஆழம் கூடி, கணக்கு கெட்டுவிடும்.

சோப்புக் கட்டியும் குழியை அப்படியே வைத்திருக்கும்தான். ஆனால் குண்டு தன் ஆற்றலை எந்த இடத்தில் இறக்கியது என்று அளக்க அது உதவும், காயத்தின் அளவைச் சொல்ல அல்ல.

இது வெறும் ஆய்வகச் சண்டை இல்லை. பெரிய குழியை நம்பி, பிழைக்கக்கூடிய தசையையும் மருத்துவர்கள் வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று ஃபாக்லரே எச்சரித்தார். அப்புறம், ஜெலட்டினில் எலும்பும் தோலும் இல்லை. அதையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள்.