பி.எம்.பி. தேர்வு எழுதினால் உடனே மேனேஜர் வேலையா?

"2030க்குள் 2.5 கோடி புராஜெக்ட் மேனேஜர் வேலைகள் வரப்போகின்றன. அனுபவமே வேண்டாம், பி.எம்.பி. தேர்வு எழுதினால் போதும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பி.எம்.பி. என்பது திட்டங்களை (புராஜெக்ட்) நடத்துபவர்களுக்கான சான்றிதழ். அந்தச் செய்தி பாதி உண்மை, பாதி கற்பனை.

2.5 கோடி என்ற எண் யாரோ கிளப்பிவிட்டதல்ல. பி.எம்.பி. சான்றிதழை வழங்கும் பி.எம்.ஐ. அமைப்பே 2021 அறிக்கையில் சொன்னது. ஆனால் அது உலகம் முழுவதற்குமான மதிப்பீடு. ஓய்வு பெறுவோரின் இடத்தை நிரப்புவதும் அதில் அடக்கம். மேனேஜர் பதவிகளை மட்டுமல்ல, திட்டம் சார்ந்த பல வேலைகளையும் சேர்த்தே எண்ணியிருக்கிறார்கள். சான்றிதழ் விற்பவரே சந்தையையும் அளந்து சொல்கிறார் என்பதையும் கொஞ்சம் மனதில் வையுங்கள்.

'அனுபவம் வேண்டாம்' என்பதோ சுத்தப் பொய். நான்காண்டுப் பட்டம் பெற்றவர் 36 மாதங்கள் திட்டங்களை வழிநடத்தியிருக்க வேண்டும். பள்ளிப் படிப்போடு நின்றவருக்கு 60 மாதங்கள். கூடவே 35 மணி நேரப் பயிற்சி. எந்தத் திட்டம், அதில் உங்கள் பங்கு என்ன என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டும். சில விண்ணப்பங்களைத் தணிக்கைக்கும் எடுப்பார்கள். கதை விட்டால் அங்கே மாட்டிக்கொள்ள நேரும்.

அனுபவம் இல்லாதவர்களுக்கென்று அதே அமைப்பு நடத்துவது சி.ஏ.பி.எம். தேர்வு. அதற்கு 23 மணி நேரப் பயிற்சி போதும். சரி, அதை முடித்தால்? முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஒருங்கிணைப்பாளர் மாதிரியான வேலைதான்: அட்டவணையைத் துரத்துவது, கூட்டக் குறிப்பு எழுதுவது, யார் எதை முடிக்கவில்லை என்று கேட்டு நச்சரிப்பது. அப்புறம் ஒரு பகுதியையாவது பொறுப்பேற்று நடத்தத் தொடங்கும்போதுதான் அந்த 36 மாதக் கணக்கு ஓட ஆரம்பிக்கும்.