ஏழு தீவு வேண்டாம், இரண்டு போதும்

டிசம்பர் லீவு நெருங்கினாலே ஓஎம்ஆர் ஆபீஸ் கேன்டீன்களில் பேச்சு தாய்லாந்தின் கடலோர ஊர்களான கிராபிக்கும் ஃபுகெட்டுக்கும் போய்விடுகிறது. 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று தாய்லாந்து சொன்னதிலிருந்து ஊட்டிக்குப் போகிற மாதிரி கிளம்புகிறார்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால் எல்லோரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: நாலு தீவு டூர் எடுக்கலாமா, ஏழு தீவு டூர் எடுக்கலாமா?

இரண்டும் வேண்டாம் என்பேன். குடும்பத்துக்கென்று ஒரு படகைத் தனியாகப் பேசுங்கள், இரண்டு இடத்தில் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், ஒன்று கடலில் இறங்கிப் பார்க்க, இன்னொன்று மணலில் உட்கார்ந்து சாப்பிட. இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறும். "அவ்வளவு செலவு பண்ணிப் போய் ரெண்டே ரெண்டா?" கும்பகோணத்தில் விடியற்காலையில் வேன் ஏறி ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் ராத்திரிக்குள் முடித்துவிட்டு, எந்தக் கோயிலில் என்ன பார்த்தோம் என்று மறுநாள் கேட்டால் முழிப்போமே, அதே கணக்கைக் கடலிலும் போடுகிறோம். கோயிலிலாவது புண்ணியம் என்று ஒன்று உண்டு.

கூட்டத்தோடு போகிற ஸ்பீட்போட் எப்படி இருக்கும் என்று போகாதவர்களுக்குச் சொல்கிறேன். முப்பது நாற்பது பேர், இரண்டு பக்கமும் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். கைடு மைக்கில் எல்லாருக்கும் புரியாத ஓர் ஆங்கிலத்தில் ஜோக் அடிப்பார். ஓரிடத்தில் படகை நிறுத்தி, கூடையிலிருந்து ஸ்நார்க்கலிங் மாஸ்க்கை, அதாவது கண்ணையும் மூக்கையும் மூடுகிற கண்ணாடியை, வாயால் மூச்சு விடுகிற குழாயோடு எடுத்துக் கையில் திணித்து, "ஜம்ப், ஜம்ப்" என்பார். மாஸ்க்குக்குள் தண்ணீர் வரும், கழற்றுவீர்கள், மறுபடி மாட்டுவீர்கள், குழாயில் உப்புத் தண்ணீர் ஏறிப் புரையேறும். அதெல்லாம் ஒருவழியாகச் சரியாகி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, அடடா கீழே இப்படி ஒன்று இருக்கிறதா என்று மனசு திறக்கிற நேரத்தில் மேலே விசில் ஊதுவார்கள். அடுத்த தீவு!

நீச்சல் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இது போதுமாக இருக்கலாம். நமக்குப் போதாது. சென்னைக்காரர்களைப் போலக் கடலோரத்தில் பிறந்து வளர்ந்தும் கடலுக்குள் போகத் தெரியாத ஜனம் குறைவு. மீனவர் குடும்பங்களைச் சொல்லவில்லை, மற்ற நம்மைச் சொல்கிறேன். மெரினாவில் நமக்குக் கிடைத்த ஒரே கடல் பாடம் "முட்டிக்கு மேல தண்ணி வந்தா ஓடி வந்துடு" என்பது. அது தப்பான பாடமும் இல்லை. அந்த அலையும் இழுப்பும் எத்தனையோ பேரைக் கொண்டுபோயிருக்கின்றன, அங்கே குளிக்கக் கூடாது என்றுதான் போலீஸும் விரட்டுகிறது. இந்தப் பயத்தோடு வளர்ந்த ஒரு நாற்பது வயது ஆள், லைஃப் ஜாக்கெட் தன்னைத் தூக்கிப் பிடிக்கும், வாயால் மூச்சு விட்டால் போதும், கையைக் காலை உதைக்க வேண்டியதில்லை என்று நம்புவதற்கே நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைத்தான் தனிப் படகு நமக்கு வாங்கிக் கொடுக்கிறது. சொகுசு, அந்தஸ்து என்று பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

செலவு? பலர் நினைக்கிற அளவுக்கு இல்லை. கிராபியின் ஆவ் நாங் கடற்கரையில் படகுக்காரர்களின் கவுன்டர்களிலேயே எந்தத் தீவுக்கு எவ்வளவு என்று போர்டு வைத்திருக்கிறார்கள், அரை நாளுக்கு ஒரு விலை, முழு நாளுக்கு ஒரு விலை. அது படகுக்கான விலை, தலைக்கு அல்ல. தாத்தா பாட்டி, நீங்கள், அண்ணன் குடும்பம் என்று ஆறேழு பேர் சேர்ந்தால் கூட்டப் படகின் டிக்கெட்டை விடப் பெரிதாக ஏறிவிடாது. தேசியப் பூங்காக் கட்டணம் தனி, அது சேர்த்தா சேர்க்காமலா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஃபி ஃபி தீவுகள் இருக்கிற பூங்காவில் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 400 பாட், பிள்ளைகளுக்குப் பாதி என்று வாங்குகிறார்கள், குடும்பமாகக் கூட்டிப் பார்த்தால் கொஞ்சம் உறைக்கும்.

அங்கே வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் லாங்டெயில் என்கிற மரப் படகு. வண்டி எஞ்சினைத் தூக்கிப் பின்னால் வைத்து, நீளமான கம்பியின் முனையில் விசிறி. சத்தம் காதைப் பிளக்கும், அதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு என்னைத் திட்டுவீர்கள். படகின் முன் முனையில் வண்ணத் துணிகளும் பூமாலையும் கட்டியிருப்பார்கள், மே யா நாங் என்று படகைக் காக்கிற தாய்த் தெய்வத்துக்கு. அதன்மேல் காலை வைத்து ஏறிப் போட்டோ எடுக்கிற நம்மவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நம் காசிமேட்டில் மாலை போட்ட படகில் ஒருத்தன் செருப்புக் காலை வைத்தால் விடுவார்களா?

போடா, சிக்கன், துப், ஹாங் மாதிரிப் பக்கத்துத் தீவுகளுக்கு லாங்டெயில் போதும். ஃபி ஃபிக்கு ஆவ் நாங்கிலிருந்து அதில் போக நினைக்காதீர்கள், தூரம் அதிகம், திறந்த கடல், வயசானவர்களுக்கு இடுப்பு போய்விடும். அங்கே இருக்கிற மாயா பே என்கிற வளைகுடாவைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஃபி ஃபி டான் தீவில் ஒரு ராத்திரி தங்கி அங்கிருந்து படகு பேசுங்கள். மாயா பேயைப் பற்றி ஒரு வார்த்தை: ஒரு ஹாலிவுட் படத்தால் புகழ் பெற்று, தினமும் ஆயிரக்கணக்கில் ஆட்களும் நங்கூரங்களும் இறங்கி, பவளப்பாறையெல்லாம் நொறுங்கி, 2018 ஜூனில் இழுத்து மூடினார்கள். 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போது படகு அந்த வளைகுடாவுக்குள் நுழைய முடியாது, பின்பக்கம் இறங்கி நடந்து போக வேண்டும், நீந்தவும் விடுவதில்லை. ஆட்கள் போனதும் சுறாக் குட்டிகள் திரும்பி வந்துவிட்டன, அதற்காகவாவது அந்தக் கெடுபிடியை மதிக்கலாம். ஆனால் ஸ்நார்க்கலிங்குக்கு என்று அங்கே போகாதீர்கள், அது இப்போது பார்க்கிற இடம், அவ்வளவுதான்.

அடுத்து நாள் பார்ப்பது. நம்மவர்கள் டிக்கெட் விலையைப் பார்த்துத் தேதி போடுகிறார்கள். கடலுக்குப் போகிறவர்கள் சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரைப் பார்க்க வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சூரியனும் சந்திரனும் ஒரே நேர்கோட்டில் நின்று இழுப்பதால் கடல் ஏறுவதும் வற்றுவதும் அதிகம். அப்போது நீரோட்டம் வேகமாக இருக்கும், அடியில் கிடக்கிற மணலைக் கிளப்பிவிடும், தண்ணீர் கலங்கலாகத் தெரியும். அஷ்டமி, நவமி வாக்கில் இரண்டும் செங்கோணத்தில் நின்று ஒன்றின் இழுப்பை இன்னொன்று குறைப்பதால் ஏற்ற இறக்கம் குறைவு, நீரோட்டமும் தணிந்திருக்கும், தண்ணீர் தெளியும். ஆக, நல்ல காரியம் எதையும் ஆரம்பிக்கக் கூடாது என்று பாட்டி ஒதுக்கிவைத்த அதே அஷ்டமி நவமிதான் ஸ்நார்க்கலிங்குக்குச் சுப தினம். பாட்டியையும் கூட்டிப் போகிறவர்கள் இதை அவரிடம் எப்படிச் சொல்வீர்களோ, உங்கள் பாடு.

இதற்கு நேர்மாறாக, துப், மோர், சிக்கன் தீவுகளை இணைக்கிற மணல் திட்டில் நடக்க ஆசைப்பட்டால் அமாவாசை, பௌர்ணமிப் பக்கம் போங்கள், கடல் நன்றாக வற்றும்போதுதான் அது முழுசாக வெளியே வரும். எந்த மணிக்கு வற்றும் என்பது படகுக்காரருக்கு மனப்பாடம். "காலை எட்டு மணிக்கே கிளம்பணும்" என்று நாம் அடம்பிடிக்காமல், எப்போது கிளம்பினால் நல்லது என்று அவரைக் கேட்டால் போதும். கூட்டப் படகில் இதைக் கேட்கவே முடியாது, அவர்களுக்கு ஹோட்டல் பிக்கப் நேரம்தான் கடலின் நேரம்.

மாதமும் முக்கியம். அந்தப் பக்கக் கடல் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அமைதி. நம் பிள்ளைகளுக்கு மே மாதம் முழுக்க லீவு, அந்த மே பாதியிலேயே அங்கே தென்மேற்குப் பருவக் காற்று ஏறிவிடும். ஆஃபர் விலையில் கிடைக்கிறதே என்று மே, ஜூன், ஜூலையில் புக் செய்கிறவர்கள் தெரிந்துதான் செய்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம். 2018 ஜூலை 5 அன்று ஃபுகெட் அருகே புயல் காற்றில் ஒரு சுற்றுலாப் படகு மூழ்கி 47 பேர் இறந்தார்கள், எல்லோரும் சீனாவிலிருந்து வந்த பயணிகள்.

அது வெளியூர்க் கதை என்று தள்ளவும் முடியாது. 2011 கிறிஸ்துமஸ் அன்று நம் பழவேற்காட்டில், சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடுகிற தூரத்தில், படகு கவிழ்ந்து 22 பேர். சொந்தக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து போனவர்கள், லைஃப் ஜாக்கெட் கிடையாது. 2014 குடியரசு தினத்தன்று போர்ட் பிளேர் அருகே 21 பேர், அதில் பலர் காஞ்சிபுரத்திலிருந்து போனவர்கள், ஏற்ற வேண்டிய அளவுக்கு மேல் ஆளை ஏற்றியிருந்தார்கள். தனிப் படகு என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு முக்கியமான காரணம் இதுதான். எத்தனை பேர் ஏறுவது, யாருக்கு ஜாக்கெட் இருக்கிறது, காற்று ஏறினால் திரும்புவதா போவதா என்பதில் உங்கள் வாய்க்கு மதிப்பு இருக்கும். ஆனால் தனிப் படகு எடுத்துவிட்டு அதிலும் "இன்னும் நாலு பேர் ஏறலாம் மச்சான், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று தெரிந்தவர், தெரியாதவரையெல்லாம் ஏற்றிக் காசு பங்கு போடுகிற புத்திசாலிகளும் நம்மிடம் உண்டு. அவர்களிடம் பேசி ஜெயிக்க முடியாது. நீங்கள் இறங்கிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு அவர்கள் அளவு ஜாக்கெட் இருக்கிறதா என்று காசு கொடுக்கும் முன்பே படகில் ஏறிப் பாருங்கள், கவுன்டரில் இருப்பவர் சொல்வதைக் கேட்டு அல்ல. பெரிய ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால் குழந்தை கீழே நழுவும், ஜாக்கெட் மட்டும் மேலே மிதக்கும். காலுக்கு நடுவில் போடுகிற வார் இருந்தால் இன்னும் நல்லது. எல்லோரும் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் குதிக்காதீர்கள், படகில் ஒருவர் உட்கார்ந்து தலைகளை எண்ணிக்கொண்டே இருக்கட்டும், போனைப் பார்க்காமல். வாயில் குழாயோடு கவிழ்ந்து கிடப்பவர் ஆபத்தில் இருந்தாலும் கத்த முடியாது, மேலிருந்து பார்த்தால் சும்மா மீன் பார்க்கிற மாதிரியே இருக்கும். இதயக் கோளாறு இருக்கிற பெரியவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே வேண்டாம், படகிலிருந்தே பாதி தெரிகிற தெளிவான தண்ணீர் அது.

மீசைக்காரர்களுக்கு ஒரு தனிச் சேதி. மாஸ்க்குக்குள் தண்ணீர் கசிகிறதென்றால் மாஸ்க் மேல் மட்டும் பழி போடாதீர்கள், மேலுதட்டில் ரப்பர் படிய வேண்டிய இடத்தில் உங்கள் மீசை நிற்கிறது. கொஞ்சம் வாசலின் தடவினால் ஓரளவு அடங்கும். மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்க்க, வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுத்துப் பாருங்கள், ஒட்டிக்கொண்டு நின்றால் சரி. கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு மாஸ்க் மாட்ட முடியாது, பவர் வைத்த மாஸ்க் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்கிவிடுங்கள், மீன்களை மங்கலாகப் பார்க்கவா அவ்வளவு தூரம் போகிறோம். கிளம்பும் முன் மெரினா நீச்சல் குளத்திலோ உங்கள் அபார்ட்மென்ட் குளத்திலோ முகத்தை முக்கி வாயால் மூச்சு விட்டுப் பழகினால் அங்கே பாதி நேரம் மிச்சம்.

பெண்களுக்கு: காட்டன் சுடிதாரில் இறங்காதீர்கள், நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும். ரேஷ் கார்டு என்கிற முழுக்கை நீச்சல் சட்டையும் லெக்கிங்ஸும் போட்டால் உடம்பும் மூடியிருக்கும், வெயிலுக்கும் ஜெல்லிமீனுக்கும் பாதுகாப்பு. டீஷர்ட் கூட இல்லாமல் இறங்குகிற ஆண்களுக்குத்தான் முதுகு வெந்துபோகும், ராத்திரி தூக்கம் வராது. சன்ஸ்கிரீன் பூசலாம், ஆனால் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் மாதிரி பவளத்துக்குக் கெடுதல் செய்கிற பொருள்கள் இருக்கிற சன்ஸ்கிரீனைக் கடல் பூங்காக்களில் 2021லிருந்து தாய்லாந்து தடை செய்திருக்கிறது, வாங்கும்போது பின்பக்க லேபிளைப் படியுங்கள். வாந்தி வருகிறவர்கள் அவோமின் மாத்திரையைப் படகு ஆட ஆரம்பித்த பிறகு தேடாதீர்கள், ஏறுவதற்கு முன்பே போட்டால்தான் வேலை செய்யும், தூக்கம் வரும், குழந்தைகளுக்கு டாக்டர் சொன்ன அளவு மட்டும்.

பவளப்பாறை மேல் நிற்காதீர்கள். பாறை என்று பெயர் இருப்பதால் கல் என்று நினைத்து ஏறி நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். உயிருள்ள பிராணிகள் அவை, சில வகை வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கூட வளராது. மீனுக்கு பிரெட் போடாதீர்கள், படகுக்காரரே கொடுத்தாலும். போட்டால் மீன் மொய்க்கும், ரீல்ஸ் நன்றாக வரும், மீனுக்குத்தான் நல்லதில்லை.

"இதெல்லாம் நம்ம ஊர்லயே இல்லையா?" என்று எப்படியும் கமென்டில் வருவீர்கள். இருக்கிறது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், 1986லேயே கடல் தேசியப் பூங்கா. ஆனால் நினைத்த தீவில் படகை நிறுத்தி இறங்க முடியாது, வனத்துறை அனுமதிக்கிற இடம் மட்டும்தான். அது அப்படியே இருக்கட்டும் என்பது என் கட்சி. அந்தமானில் வண்டூரிலிருந்து ஜாலி பாய் தீவுக்குப் போகும்போது பிளாஸ்டிக் எதையும் கொண்டுபோக விடமாட்டார்கள், அங்கே தமிழில் பேசியே சமாளிக்கலாம் என்பது கூடுதல் வசதி. முதன்முதலாகக் கடலில் இறங்குகிறவர்களுக்கு, பாஸ்போர்ட்டே எடுக்காமல், நான் அதைத்தான் முதலில் சொல்வேன்.

டிசம்பர், பொங்கல் லீவுக்குப் போகிறவர்கள் தேதியைக் கீழே போடுங்கள், அஷ்டமி எப்போது வருகிறது என்று பார்த்துச் சொல்கிறேன். படகில் ஸ்பீக்கர் இருக்குமா என்று கேட்கிறவர்களுக்கு மட்டும் பதில் கிடையாது.