4294967297 பகா எண் அல்ல

காரைக்குடி அண்ணன் ஒருவர் ஒரு பதிவில் 4294967297-ஐப் பகா எண் என்று எழுதியிருக்கிறார். கணித மேதை ஃபெர்மா சொன்னது, 3, 7, 11, 13 எதாலும் வகுபடவில்லை என்பவை அவர் தரும் காரணங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அதை அப்படியே பகிர்வதால் இதை எழுதுகிறேன்.

அண்ணே, ஃபெர்மா அப்படி நம்பியது உண்மைதான். 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வரும் எண் இது. இதே போல 2-இன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளோடு 1 கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். யாருக்கும் அந்த நம்பிக்கை வரும். ஆனால் 1732-இல் ஆய்லர் என்ற கணித மேதை இது 641-ஆல் வகுபடும் என்று காட்டிவிட்டார். சிறிய எண்களால் வகுபடாதது மட்டும் போதாது.

சரிபார்க்க, கடைக் கல்லாவில் இருக்கும் 12 இலக்க கால்குலேட்டரே போதும் (8 இலக்கம் என்றால் திணறும்). 6700417-ஐ 641-ஆல் பெருக்குங்கள். தாளில் என்றால் 600, 40, 1 எனப் பிரிக்கலாம்: 4020250200, 268016680, 6700417. மூன்றையும் கூட்டினால் அதே எண்.

641 எப்படிக் கிடைத்தது என்பதுதான் அழகு. 4294967297-இன் பகாக் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அடுத்ததே 641.