‘மறுபடியும் பிறத்தல்’ என்பது அடுத்த பிறவியைக் குறிப்பதில்லை

‘இயேசுவே மறுபிறவி உண்டு என்று போதித்தார், ஆதாரம் யோவான் 3:3’ என்ற படச்செய்தி காரைக்குடி, தேவகோட்டை வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. தேவகோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அதைக் காட்டிய சித்தப்பா, “வசன எண்ணே போட்டிருக்கானே” என்றார். எண் சரிதான், விளக்கம்தான் தவறு. வேதாகமத்தின் யோவான் நற்செய்தியில் உள்ள அந்த வசனத்தில், மறுபடியும் பிறவாதவன் இறைவனின் ஆட்சியைக் காணமாட்டான் என்கிறார் இயேசு.

அந்த அதிகாரத்தை மேலும் ஓரிரு வசனங்கள் வாசித்தாலே போதும். முதிர்ந்த ஒருவன் தாயின் வயிற்றில் மறுபடியும் நுழைய முடியுமா என்று இயேசுவிடம் பேச வந்த யூதத் தலைவர் நிக்கொதேமு கேட்க, தாம் சொல்வது உடல் பிறப்பை அல்ல, நீரினாலும் ஆவியினாலும் பிறப்பதையே என்று இயேசு தெளிவுபடுத்துகிறார். ‘மறுபடியும்’ என்பதற்கு மூலத்தில் உள்ள ‘அனோத்தென்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘மேலிருந்து’ என்ற பொருளும் உண்டு.

குழப்பத்துக்கு நம் மொழிபெயர்ப்பும் ஓரளவு காரணம் என்றே நினைக்கிறேன். பழைய தமிழ் வேதாகமத்தில் தீத்து 3:5 ‘மறுஜென்ம முழுக்கு’ என்கிறது. ‘மறுஜென்மம்’ என்றதும் நம் காதில் விழுவது வேறு பொருள். அங்கே சொல்லப்படுவதோ, இதே வாழ்நாளில் தூய ஆவியால் மனிதன் புதிதாக்கப்படுவது. அது திருமுழுக்கிலேயே நிகழ்கிறது என்று கத்தோலிக்கர் கொள்ள, மனந்திரும்பி விசுவசிக்கும்போது என்று பெந்தெகொஸ்தே சபையினர் உள்ளிட்ட பலர் கொள்கின்றனர். ஆனால், மனிதர் ஒரே தரம் மரிக்கிறார்கள், பின்பு நியாயத்தீர்ப்பு என்னும் எபிரெயர் 9:27-ஐ இரு தரப்பினரும் ஏற்கின்றனர்.

வீட்டில் வேதாகமம் இருந்தால் இந்த மூன்று பகுதிகளையும் எடுத்துப் பாருங்கள். அந்தப் படத்தை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.